துப்பாக்கி வாங்குமுன் குறியைப் பாருங்கள்

2024 ஆகஸ்ட் 1 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். கோலாப்பூர் மாவட்டத்து இளைஞர். மத்திய ரயில்வேயில், நம் புனேயில், டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். ரயில்வேயிலேயே காலம் கழித்த என் போன்றோருக்கு அது எங்கள் வீட்டுப் பையன் வென்ற மாதிரி இருந்தது.

அன்று முதல் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "சார், பையனுக்கு ஒரு ரைபிள் வாங்கணும். கட்டுப்படியாகிற விலையில் எது நல்லது? என்ன காலிபர் வாங்கலாம்?" பொங்கல் விழாவில் ஒரு தாயார் கேட்டார்: "மாமா, கடையிலே பெரிய காலிபர்தான் நல்லதுன்னு சொல்றாங்களே, வாங்கிடலாமா?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்கப்படுவதால் பணமும் வீணாகிறது; சில சமயம் சட்டச் சிக்கலும் வருகிறது. எனவே இந்தப் பாடத்தில் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படியாகக் காண்போம்.

1. காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள் விட்டமே காலிபர். ஆங்கில அளவில் அங்குலத்தின் பின்னமாகவும், மெட்ரிக் முறையில் மில்லிமீட்டராகவும் சொல்வார்கள். புள்ளி 177 என்றால் 0.177 அங்குலம். அதை 25.4 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4.5 மி.மீ. புள்ளி 22 என்பது சுமார் 5.6 மி.மீ. ரைபிள் குழலின் உட்சுவரில் திருகு போன்ற சால்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றில் பிடித்துக்கொண்டு பம்பரம் போல் சுழன்று வெளியேறும். சுழல்வதால்தான் தடம் மாறாமல் செல்கிறது.

ரயில் பாதையின் கேஜ் போலத்தான் இது. அகலப் பாதை 1,676 மி.மீ.; மீட்டர் பாதை 1,000 மி.மீ. பாதையின் அகலம் தீர்மானமாகிவிட்டால் எந்தப் பெட்டி, எந்த எஞ்சின், எந்தப் பணிமனை என்பது எல்லாம் அதன் பின்னே வரும். "எந்தக் கேஜ் உயர்ந்தது?" என்று யாரும் கேட்பதில்லை. "இந்த ஊருக்கு எவ்வளவு சரக்கு, எவ்வளவு மலை?" என்றுதான் கேட்கிறோம். காலிபரும் அப்படியே. அது குறியிலிருந்து பிறக்க வேண்டும்.

2. அமெரிக்காவில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இதை விளங்கிக்கொள்ள ஓர் அயல்நாட்டு உதாரணம். அமெரிக்காவில் கொயோட்டி என்றொரு விலங்கு உண்டு. நம் நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம். ஆட்டுக்குட்டி, கோழி வளர்ப்போருக்குத் தொல்லை தருவது. அந்நாட்டுப் பல மாநிலங்களில் அதை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அங்கே ஒரு பண்ணைக்காரர் சிக்கனமாக ரைபிள் வாங்க நினைத்தால் எப்படி யோசிப்பார்?

குறி, பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள விலங்கு. தூரம், திறந்த வெளியில் 100 முதல் 200 மீட்டர், அதற்கு மேலும் இருக்கலாம். சிறிய புள்ளி 22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கு அவ்வளவு தூரத்தில் போதிய வலு இல்லை. விலங்கு காயத்தோடு ஓடி, துன்பப்பட்டுச் சாகும். மான் வேட்டைக்கான பெரிய தோட்டாவோ தேவைக்கு மிஞ்சியது. விலையும் அதிகம், உதையும் அதிகம். எனவே நடுவில் உள்ள புள்ளி 223 ரெமிங்டன் போன்றவற்றைப் பலர் எடுக்கிறார்கள். அதன் குண்டு சுமார் மூன்றரை கிராம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 980 மீட்டர். ஆற்றல் சுமார் 1,700 ஜூல். ராணுவத் தோட்டாவுக்கு நெருங்கிய உறவு என்பதால் பெருமளவில் உற்பத்தியாகிறது. ஆகவே தோட்டா மலிவு. அதற்கு ஒரு சாதாரண போல்ட் வகை ரைபிள் போதும் என்று முடிப்பார்கள்.

இதில் நாம் கற்க வேண்டியது அந்த ரைபிளை அல்ல, அந்த வரிசையை. முதலில் சட்டம், பிறகு குறி, பிறகு தூரம், பிறகு காலிபர், கடைசியில்தான் ரைபிளும் விலையும். இன்னொன்றையும் கவனியுங்கள். சிக்கனம் என்பதை அவர்கள் ரைபிளின் விலைச்சீட்டில் பார்ப்பதில்லை. தோட்டாவின் விலையில் பார்க்கிறார்கள். ரைபிள் ஒருமுறைச் செலவு. தோட்டா வாழ்நாள் செலவு.

3. நம் ஊர் நரிக்கு எந்த ரைபிள்?

அதே வரிசையை இப்போது நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். முதற்படியே சட்டம். சாஸ்வட், முல்ஷி பக்கம் மனை வாங்கி வீடு கட்டிய அன்பர்கள் சிலர், "ராத்திரியில் நரி வருகிறது, ஒரு ஏர் கன் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். பதில் ஒரே வரி. நரிக்கு எந்த ரைபிளும் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் துரைமார்கள் நாய்க் கூட்டத்தோடு குதிரையேறி நரியைத் துரத்தினார்கள். நம் நீலகிரியில் உதகைப் புல்வெளிகளில் அது பெரிய கேளிக்கையாக இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைச் சுடுவது மட்டுமல்ல, பொறி வைப்பதும் துரத்திக் காயப்படுத்துவதும்கூட வேட்டை என்றே சட்டம் கொள்கிறது. தண்டனை சிறைவாசம் வரை போகும். விலங்கால் உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் அனுமதி தரும் அதிகாரம் வனத்துறை உயரதிகாரிகளுக்குத்தான் உண்டு, மனைக்காரருக்கு இல்லை.

புனே மாவட்டப் புல்வெளிகளில் ஓநாயும் நரியும் இன்னும் வாழ்கின்றன. நாம் அவற்றின் வீட்டருகே குடிபோனவர்கள். நரி எலியைத் தின்னும். செத்ததைத் தின்று சுத்தம் செய்யும். குப்பையை மூடி வையுங்கள். கோழிக்கூண்டுக்கு அடிவரை கம்பி வலை போடுங்கள். அதையும் மீறித் தொல்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாடியிலிருந்து நாயையோ பறவையையோ ஏர் கன்னால் சுடுவதும் இதே வகைக் குற்றம்தான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு உரிய குறி ஒன்றே ஒன்று. அது காகிதம்.

4. சட்டம் சொல்லும் காலிபர்

அடுத்து, ஆயுதச் சட்டம். 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் நமக்கு ஒரு தெளிவான கோடு போட்டிருக்கின்றன. காற்றுத் துப்பாக்கியின் துளை 4.5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, குண்டு வெளியேறும்போது ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இருந்தாலோ உரிமம் வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள். ரசீது வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். விதிகள் திருத்தப்படலாம். எனவே வாங்கும் வாரத்தில் காவல் ஆணையர் அலுவலக உரிமப் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். கடைக்காரர் காட்டும் 5.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். குண்டின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அது உரிமக் கோட்டுக்கு அந்தப் பக்கம். அது மட்டுமல்ல, 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் 4.5 மி.மீ. தவிர வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். பள்ளிப் போட்டியானாலும் சரி, ஒலிம்பிக் ஆனாலும் சரி, இதே விதிதான். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வாங்கினால் சட்டமும் போச்சு, போட்டியும் போச்சு.

குசாலே சுட்டது புள்ளி 22 தோட்டா ரைபிள் ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மை. அதன் குண்டு சுமார் 2.6 கிராம்; ஆற்றல் 130 ஜூலுக்கு மேல். அது முழு உரிமம் வேண்டிய துப்பாக்கி. 21 வயது நிறையாதவருக்கு உரிமம் கிடையாது. பயிற்சிக் களத்தில் கண்காணிப்பின் கீழ் சுட மட்டும் விதிவிலக்கு உண்டு. செலவில்லாமல் புள்ளி 22 சுட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு: என்.சி.சி. கல்லூரியில் என்.சி.சி.யில் சேரும் மாணவர், மாணவியருக்கு அங்கேயே அந்தப் பயிற்சி தருகிறார்கள்.

5. பத்து மீட்டர் குறியின் கணக்கு

4.5 மி.மீ. என்று முடிவாயிற்று. இனி எவ்வளவு நல்ல ரைபிள் வேண்டும்? அதற்குக் குறியை அளந்து பார்ப்போம்.

சுடுபவர் நிற்கும் இடத்திலிருந்து குறிக்கு 10 மீட்டர். குறியின் மொத்த விட்டம் 45.5 மி.மீ. நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், பேனா முனை வைத்த புள்ளி அளவு. குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. குண்டின் ஆரம் 2.25 மி.மீ., புள்ளியின் ஆரம் 0.25 மி.மீ.; கூட்டினால் 2.5 மி.மீ. அதாவது குண்டின் மையம் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். அதற்குள்ளும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு தசம மதிப்பெண். உச்சம் 10.9. போட்டியில் 60 குண்டுகள். ஆக, உச்ச மதிப்பெண் 654.

10 மீட்டரில் 2.5 மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்கு 0.25 மி.மீ. ரைபிளின் முன் குறிவளையத்துக்கும் பின் குறித்துளைக்கும் இடையே முக்கால் மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முன் வளையம் 0.19 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தடிமனான காகிதம் ஒன்றின் கனம். மூச்சு விட்டால் அதைவிட அதிகம் அசைகிறது. நெஞ்சுத் துடிப்பிலும் அசைகிறது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நல்ல போட்டி ரைபிளை இடுக்கியில் பிடித்துச் சுட்டால் குண்டுகள் ஏறத்தாழ ஒரே துளையில் போகும். நடுத்தர ரைபிள் கொஞ்சம் சிதறும். ஆனால் புதிதாகக் கற்கும் பிள்ளையின் உடல் ஆட்டம் இந்த இரண்டு ரைபிள்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் போல் பல மடங்கு. வெர்னியர் காலிபரில் ஐம்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளக்கலாம். பிடிக்கும் கை நடுங்கினால் அந்த நுட்பத்தால் என்ன பயன்? முதல் ஆண்டில் லட்ச ரூபாய் ரைபிளால் கிடைக்கும் மதிப்பெண் கொஞ்சமே. நிற்கும் பயிற்சியால் கிடைப்பதே அதிகம்.

வேகமும் அப்படித்தான். போட்டிக் குண்டின் எடை சுமார் 0.53 கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவு. ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவு. கடையில் "இது இவ்வளவு வேகம் போகும்" என்று சொல்லி விற்பது காகிதக் குறிக்குத் தேவையே இல்லாத சரக்கு. காகிதம் ஓடிப் போகாது.

6. மூன்று வகை ஏர் ரைபிள்

முதல் வகை, ஸ்பிரிங் ரைபிள். குழலை மடித்தோ நெம்புகோலை இழுத்தோ உள்ளிருக்கும் சுருள்வில்லை அமுக்க வேண்டும். விசையை இழுத்ததும் வில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை அழுத்தும். காற்று குண்டைத் தள்ளும். விலை ஆயிரங்களில் முடியும். உள்நாட்டிலேயே செய்கிறார்கள். குறை என்னவென்றால், குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே பிஸ்டன் ஓட்டத்தால் ரைபிள் முன்னும் பின்னும் துள்ளும். பாதுகாப்பும் அடிப்படைப் பழக்கமும் கற்க இது போதும்.

இரண்டாம் வகை, ஒரே அழுத்தில் காற்றைச் சேர்க்கும் ரைபிள். பக்கத்து நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் அந்த ஒரு குண்டுக்கான காற்று சேரும். துள்ளல் இல்லை, சிலிண்டர் இல்லை. பழைய ஜெர்மன் போட்டி ரைபிள்கள் பல இவ்வகை. நெம்புகோல் கொஞ்சம் கனம். பத்து வயதுப் பிள்ளைக்கு 60 முறை இழுப்பது சிரமம்.

மூன்றாம் வகை, முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டர் உடையது. இன்றைய போட்டிகளில் எங்கும் இதுவே. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷூட்ஸ், ஸ்டையர் முதலிய ஜெர்மன், ஆஸ்திரியப் பெயர்களை நீங்கள் கேட்டிருக்கலாம். சிலிண்டரில் அழுத்தம் 200 பார் அல்லது அதற்கு மேல். ரயில் வண்டியின் பிரேக் குழாயில் நாம் வைக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, ஏறத்தாழ 5 பார். அதைப் போல் நாற்பது மடங்கு! ஒரு சீராக்கி அதைக் குறைத்து ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று கொடுக்கும். ஆகவே உதை மிகக் குறைவு. குண்டுக்குக் குண்டு வேகம் மாறாது. விலை லட்சங்களில்.

7. குடும்பத்துக்கான வரவு செலவு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். அளந்து பார்ப்போம்.

ஒரு பிள்ளை வாரம் நான்கு நாள், நாளுக்கு 75 குண்டு சுடுவதாகக் கொள்வோம். வாரம் 300. ஆண்டில் 50 வாரம் என்றால் 15,000. ஒரு டின்னில் 500 குண்டு. எனவே ஆண்டுக்கு 30 டின். கடைக்காரர் சொல்லும் டின் விலையை 30 ஆல் பெருக்குங்கள். அதோடு களக் கட்டணம், பயிற்சியாளர் கட்டணம், பாலேவாடி வரை போக்குவரத்து, சிலிண்டருக்குக் காற்று, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைச் சேருங்கள். இந்தத் தொகையை மூன்று ஆண்டுக்குத் தாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியுமென்றால் மீதி இருப்பதில் ரைபிள். ரைபிளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் குண்டுக்குக் கை பிசைந்தால், அது எஞ்சின் வாங்கிவிட்டு டீசலுக்குக் காசில்லாத கதை.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து, 13 வயது மகனுக்கு வெளிநாட்டு ரைபிள் வாங்கினார். பையன் ஆர்வமாகவே சுட்டான். பதினோராம் வகுப்பு வந்ததும் ட்யூஷன், நுழைவுத் தேர்வு என்று களத்துக்குப் போவது நின்றது. ரைபிள் இன்று பரண்மேல் இருக்கிறது. பையன் மேலும் குற்றமில்லை; அப்பா மேலும் குற்றமில்லை. வரிசைதான் தவறு. அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மகனுக்கு அந்தப் பரணைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

நான் பேத்தி விஷயத்தில் வைத்த விதி இது: முதல் 10,000 குண்டுகள் கிளப் ரைபிளில். பெரும்பாலான பயிற்சி நிலையங்களில் பொது ரைபிள்கள் உண்டு. பத்தாயிரம் குண்டு என்பது எட்டு, ஒன்பது மாதம். அதற்குள் ஆர்வம் நிற்குமா, பள்ளிப் படிப்போடு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். அதற்கிடையே உடுப்புக்குச் செலவு செய்யலாம். தடித்த ஜாக்கெட், காலணி, கையுறை ஆகியவை உடலைத் தாங்குவதால் மதிப்பெண்ணுக்கு நேரடி உதவி. வளரும் பிள்ளையாதலால் உடுப்பைப் பழையதாக வாங்குவதில் வெட்கமில்லை.

8. பழைய ரைபிள் வாங்குவோருக்கு

நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல வழி, ஒரு பயிற்சியாளரின் யோசனையோடு, பழைய போட்டி ரைபிள் வாங்குவதே. பார்க்க வேண்டியவை:

சிலிண்டரின் தேதி: முதலில் பார்க்க வேண்டியது இதுதான். அழுத்தக் கலன் எதற்கும் ஆயுள் உண்டு. கொதிகலனுக்கு இருப்பது போல. போட்டி விதிப்படி தேதி கடந்த சிலிண்டரை அனுமதிப்பதில்லை. பத்தாண்டு என்பது வழக்கமான வரம்பு. எட்டாண்டு ஆன சிலிண்டரோடு ரைபிளை மலிவாகக் கொடுத்தால், புதுச் சிலிண்டர் விலையைக் கூட்டிப் பாருங்கள்.

காற்றுக் கசிவு: நிரப்பிய அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் பாருங்கள். இறங்கியிருந்தால் ரப்பர் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன.

குண்டுத் தேர்வு: ரைபிளை இடுக்கியில் வைத்து வெவ்வேறு டின்களை ஐந்தைந்து குண்டாகச் சுட்டுப் பாருங்கள். 4.49, 4.50 என்று தலை அளவு டின்னில் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். விலையுயர்ந்த டின்தான் பிடிக்கும் என்பதில்லை.

நீளமும் எடையும்: கட்டையின் நீளம், கன்னத் தாங்கி, தோள் தகடு மூன்றும் நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அது உச்ச வரம்பு, இலக்கு அல்ல. 35 கிலோ எடையுள்ள பிள்ளை முதுகை வளைத்துக் கனமான ரைபிளைத் தாங்கினால் இடுப்புவலியோடு வீடு திரும்பும்.

9. எந்தக் கண், எந்தக் கை?

காசு செலவில்லாத ஒரு சோதனை. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு முக்கோண ஓட்டை செய்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் அப்படியே தெரிகிறதோ, அதுவே தலைமைக் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் தலைமையாக இருப்பதும் உண்டு. இடது பக்கம் சுட வேண்டிய பிள்ளையை, நம் வீடுகளில் சோற்றுக்கை என்று சொல்லி மாற்றுவது போல் மாற்ற வேண்டாம். பயிற்சியாளரிடம் சொல்லி முடிவெடுங்கள். பழைய ரைபிள்களில் பெரும்பாலானவை வலது பக்கத்துக்கு உரியவை. அதனால் இந்தச் சோதனை வாங்குமுன் நடக்க வேண்டும்.

10. வீட்டில் கட்டாய விதிகள்

எட்டு ஜூல் என்றாலும் கண்ணைப் பறிக்க அது போதும். எனவே:

குழல் முனை எப்போதும் ஆளில்லாத திசையில். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இதே விதி.

குழலில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு செருகியிருக்க வேண்டும். போட்டிகளிலும் இது கட்டாயம்.

ரைபிள் ஒரு பூட்டில், குண்டு வேறு பூட்டில். சாவி பெரியவர் கையில்.

பால்கனியிலோ சொசைட்டி மைதானத்திலோ சுடக் கூடாது. வீட்டில் குண்டில்லாமல் நிற்கும் பயிற்சி மட்டும், அதுவும் பெரியவர் எதிரில்.

குண்டு ஈயத்தால் ஆனது. களத்தில் எதையும் தின்னக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதைத் தாய்மார்கள் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

11. எங்கே தொடங்குவது?

இந்த விஷயத்தில் புனேவாசிகள் பாக்கியசாலிகள். 1994 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த பாலேவாடி ஸ்ரீ சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகத்தில் சுடுதளம் இருக்கிறது. சென்னையில் பிறந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் தொடங்கிய பயிற்சி நிலையமும் அங்கு செயல்பட்டு வந்திருக்கிறது. 2010இல் 50 மீட்டர் ரைபிள் படுத்த நிலைப் போட்டியில் உலகச் சாம்பியனான தேஜஸ்வினி சாவந்தும் கோலாப்பூர்க்காரர்தான். இந்த மாநிலத்தின் மண் அப்படி. ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சத்தமும் ஆரவாரமும் இருக்காது. ஒன்றே கால் மணி நேரம் அசையாமல் நின்று 60 முறை மூச்சை அடக்கும் பிள்ளைகளைக் காண்பீர்கள். அதைப் பார்த்த பிறகும் உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால், அது நிஜமான ஆசை.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் கைகூடுமா என்று தயங்குவோருக்கு ஒரு பெயர் சொல்கிறேன். இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றவர். பாரிஸில் முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. அவர் வந்தது பத்தாம் இடம். அந்த மட்டத்தில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு தசமப் புள்ளிகளே. அதாவது மில்லிமீட்டரின் சிறு பின்னங்கள். அங்கே ரைபிளின் தரமும் பேசும். நம் பிள்ளை அந்த மட்டத்துக்குப் போகும்போது அதற்கேற்ற ரைபிளைப் பற்றி யோசிக்கலாம். அப்போது உதவிக்கும் ஆட்கள் வருவார்கள்.

12. பயிற்சி

பாடம் என்றால் பயிற்சி வேண்டுமல்லவா? கடைக்குப் போகுமுன் இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதுங்கள். பிள்ளையையும் உடன் உட்கார வைத்து எழுதுங்கள்.

அ) நம் குறி எது? தூரம் எவ்வளவு?
ஆ) அந்தக் குறிக்குச் சட்டமும் போட்டி விதியும் அனுமதிக்கும் காலிபர் எது?
இ) ஆண்டுக்கு எத்தனை டின் குண்டு, எவ்வளவு களக் கட்டணம்? மூன்று ஆண்டுக்குத் தாங்குமா?
ஈ) கிளப் ரைபிளில் எத்தனை குண்டு சுட்டாயிற்று?
உ) தலைமைக் கண் எது? பிள்ளையின் எடை, உயரம் என்ன?

ஐந்துக்கும் விடை இருந்தால் எந்த ரைபிள் என்ற கேள்வி தானாகவே பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியைப் பயிற்சியாளர் தீர்ப்பார். ஏதாவது ஒன்றுக்கு விடை இல்லையென்றால் பணப்பையை மூடிவிட்டு, பிள்ளையைக் களத்துக்கு அனுப்புங்கள். சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளைக் கொண்டு வரலாம். உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.